செம்புள்ளி யார் வீட்டில் தின்கிறது

பிச்சைமுத்து தீப்பெட்டி வாங்கினால் கடை வாசலிலேயே திறந்து பார்ப்பான். உள்ளே குச்சி இருந்தால் போதாது, ஒன்றைக் கிழித்தும் பார்க்க வேண்டும். பஸ்ஸில் ஏறும்போது போர்டைப் படிப்பான், ஏறியபின் கண்டக்டரைக் கேட்பான், கண்டக்டர் சொன்னது சரிதானா என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்பான்.

"தாலி கட்டறப்ப என் மோவாயப் புடிச்சி நிமித்திப் பாத்த ஆளு இது. பொண்ணு பாக்க வந்தன்னிக்கிக் காட்டின பொண்ணுதானான்னு" என்று அவன் பெண்டாட்டி தைலம்மாள் கரும்பு வெட்டப் போகிற காடெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

பிச்சைமுத்து மறுக்க மாட்டான். "பாத்ததுல இன்னா தப்பு? மாத்தி வுட்டுட்டா யாரு பதில் சொல்றது?"

அவனுக்கு ஏழெட்டு வயசிருக்கும்போது, அவன் அப்பன் சந்தைக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சின்னசேலத்தில் ரயில் ஏறினான். சந்தை சின்னசேலத்திலேயேதான் இருந்தது. அப்புறம் ரயில் எதற்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. ஏறியவன் திரும்பவில்லை. அன்றைக்கு வீட்டில் கேட்காமல் விட்டதையெல்லாம் இவன் முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

கச்சிராயபாளையத்திலிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போகிற ரோட்டில், கல்வராயன் மலை கண்ணெதிரே சுவர் மாதிரி எழும்புகிற இடத்தில் அவன் ஊர். நிலம் கிடையாது. கரும்பு வெட்டு, நடவுக்குச் சேறடிப்பது, மக்காச்சோள மூட்டை தூக்குவது, எது கிடைக்கிறதோ அது. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது பன்னிரண்டு கர்ணப் புறாக்கள். விடியலில் விட்டால் மத்தியானம் வரை இறங்காமல் சுற்றும், சுற்றுகிற வாக்கிலேயே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்கும். சாதிப் புறா என்பார்கள்.

மனுஷனை நம்பாதவன் புறாவை நம்பியதற்கு அவனே ஒரு காரணம் சொல்வான். "மாடப்புறாவா, கோயில் கோபுரத்துல இருக்கும், கோமுகி டேம் இடுக்குல இருக்கும், பாழுங்கெணத்துப் பொந்துல இருக்கும். கள்ளிப்புறா கரண்டு கம்பியிலயும் வேலிகாத்தான் முள்ளுலயும் குந்தும். தவிட்டுப்புறா வூட்டு வாசல்ல பொறுக்கும். பச்சப்புறா ஆலமரத்த வுட்டுக் கீழ எறங்காது. மரகதப்புறாவப் பாக்கணும்னா மலைமேல மூங்கில் பொதருக்குப் போவணும், தரையில கோழி மாதிரி நடக்கும். எத்த எங்க தேடணும்னு தெரியும். மனுசன எங்கன்னு தேடறது? ஒரு புறா இருக்கற எடம் மாறுச்சின்னா அதுல ஒரு மனுசன் கை இருக்குது."

அவன் சந்தேகப்படாத மனுஷன் ஊரில் ஒருத்தன் இருந்தான். சின்னராசு. பக்கத்துத் தெரு, ஒரே வயசு, மச்சான் முறை. அவனும் எட்டு கர்ணப் புறா வைத்திருந்தான். மினி வேன் ஓட்டி, வெள்ளிமலையிலிருந்து சாமை மூட்டையும் புளியும் இறக்கி மில்லில் போடுவான். வெளியூருக்கு வெட்டுக்குப் போகும்போது பிச்சைமுத்து கூண்டுச் சாவியைப் பெண்டாட்டி கையில் கொடுக்க மாட்டான், சின்னராசு கையில்தான் கொடுப்பான். தைலம்மாளுக்கு அது ஒரு தீராத கோபம். "கட்டினவள வுடக் கூட்டாளி ஒசத்தி. அவனும் இல்லன்னா ஒனக்குப் பேசறதுக்கு நாதியில்ல, தெரிஞ்சிக்கோ" என்பாள். அவனுக்கும் அது தெரியும்.

தானே புயல் அடித்ததற்கு அடுத்த வருஷக் கார்த்திகையில் அது ஆரம்பித்தது.

செம்புள்ளி என்று ஒரு பொட்டை. வெள்ளை உடம்பில் கழுத்துக்குக் கீழே செம்மண் தெறித்த மாதிரி புள்ளிகள். காணும் பொங்கலன்று நடக்கிற பந்தயத்துக்கு அதைத்தான் வைத்திருந்தான். அதன் ஜோடியை ஐப்பசியில் வல்லூறு அடித்துக்கொண்டு போய்விட்டது. வேறு ஆண் சேர்க்காமல் விட்டான். முட்டை, குஞ்சு என்று இல்லாத பொட்டை ஜாஸ்தி நேரம் பறக்கும். பந்தயம் முடிந்தபின் ஜோடி பார்க்கலாம் என்பது அவன் யோசனை.

ஒருநாள் சாயங்காலம் கம்பு டப்பாவை ஆட்டினான். எல்லாம் கூரையிலிருந்து பொலபொலவென்று இறங்கின. செம்புள்ளி மட்டும் நிதானமாக இறங்கி, நாலு தானியத்தைக் கொத்திவிட்டு மூலைக்குப் போய் உட்கார்ந்தது. சீக்கோ என்று எடுத்துப் பார்த்தான். இரைப்பை உருண்டையாக, கெட்டியாக இருந்தது. வயிறு நிறையத் தின்றிருக்கிறது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

புறாக்காரன் ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான். எவனோ இரை காட்டி இழுக்கிறான். இன்றைக்கு அவன் வீட்டில் தின்கிற புறா நாளைக்கு அவன் கூரையில் இறங்கும். பந்தயத்தில் அடுத்தவன் கூரையில் இறங்கினால் அத்தோடு தள்ளுபடி. அதற்கப்புறம் அவன் பிடித்து இறகைப் பிடுங்கி வைத்துக்கொண்டால், புது இறகு முளைக்கும்போது அது அவன் வீட்டுப் புறா.

நாலாம் நாள் பிச்சைமுத்து செம்புள்ளியைத் தலைகீழாகப் பிடித்து இரைப்பையைப் பதமாக அழுத்தினான். உள்ளங்கையில் கொஞ்சம் தானியம் விழுந்தது. மணலைப் போலப் பொடிப்பொடியாக, உமியோடு. சாமை. கூடவே ஏதோ களை விதை ரெண்டும், மிளகுக்கும் சின்னதாக ஒரு நத்தை ஓடும் இருந்தன. அதையெல்லாம் சுண்டி எறிந்தான். சாமையை மட்டும் காகிதத்தில் மடித்து மடியில் வைத்துக்கொண்டான்.

"நம்ம ஊர்ல யாரு சாமை போடறாங்க?" என்று தைலம்மாளைக் கேட்டான்.

"இங்க எவன் போடறான்? மக்காச்சோளம், கரும்பு, நெல்லு. சாமைன்னா மலைமேலதான்." சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "யோவ், இன்னா யோசிக்கற? வாணாம். அது பாவம்."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"உன் மூக்கு சொல்லுது."

மறுநாள் டீக்கடைக்கு முன்னால் சின்னராசு வேனை நிறுத்தியிருந்தான். பிச்சைமுத்து பின்பக்கம் போய்த் தட்டின் இடுக்கிலிருந்து ஒரு சிட்டிகை வழித்தான். மடியிலிருந்த காகிதத்தைப் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அதே உமி, அதே நிறம். உள்ளே போய்ச் சாதாரணமாகக் கேட்பது மாதிரி கேட்டான்.

"மச்சான், எம்பொட்ட ஒரு வாரமா வூட்ல தீனி எடுக்கல."

சின்னராசு டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தான். "உன் மூஞ்சியப் பாத்துக்கினே எத்தினி நாளைக்குத்தான் தின்னும்? மருமவளா நெனச்சி அனுப்பி வைடா. எங்க வூட்ல சோறா கெடையாது?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிச்சைமுத்துவும் பல்லைக் காட்டினான். வீடு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தையை மென்றுகொண்டே வந்தான். திருடினவன் மறைப்பான், விளையாட்டாகச் சொல்லிவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று தெரிந்தவன் எல்லார் முன்னாலும் சொல்வான். முப்பது வருஷப் பழக்கத்தில் சின்னராசு எத்தனை முறை சிரித்திருக்கிறான் என்று நினைத்துப் பார்த்தான். ஒவ்வொரு சிரிப்பையும் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து மூன்றாம் நாள் காலையில் சின்னராசுவின் கரிவால் தாகத்துக்கு இறங்கினதோ என்னவோ, பிச்சைமுத்துவின் கூரையில் வந்து உட்கார்ந்தது. வால் மட்டும் கரி பூசினாற்போல இருக்கும் ஆண். பந்தயத்துக்குச் சின்னராசு அதைத்தான் எழுதி வைத்திருந்தான். சிநேகிதன் புறா வழிதவறி இறங்கினால் தண்ணி காட்டி அனுப்புவதுதான் ஊர்முறை. பிச்சைமுத்துவும் தண்ணி வைத்தான். குடிக்கக் குனிந்ததும் வலையைப் போட்டான்.

ஒவ்வொரு இறகாகப் பிடுங்கினான். வலது இறக்கையில் எட்டு. கரிவால் சத்தம் போடவில்லை, கண்ணை மட்டும் மூடி மூடித் திறந்தது. மறுபடி முளைக்க நாற்பது நாளாகும். பந்தயத்துக்கு இருந்தது முப்பத்தைந்து.

கூடையில் போட்டுக்கொண்டு போய்ச் சின்னராசுவின் வாசலில் இறக்கினான். சின்னராசு சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

"எம்பொட்டய இழுக்கறத வுட்டுடு" என்றான் பிச்சைமுத்து.

சின்னராசு புறாவைத் தூக்கி இறக்கையை விரித்தான். விரல் இடுக்கில் வெறும் தோல் தெரிந்தது.

"நீயா புடுங்கின?"

"ஆமா."

"உன் கையால?"

பிச்சைமுத்து வெறுங்கூடையை எடுத்துக்கொண்டான். சின்னராசு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அந்த வீட்டுக் கதவு பகலில் சாத்தி அவன் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் செம்புள்ளி வீடு திரும்பவில்லை.

மறுநாள் காலையில் புறாக்காரர்கள் நாராயணசாமியின் பம்பு ஷெட்டில் கூடினார்கள். நாராயணசாமி ஆறு ஏக்கர் கரும்புக்காரர், பந்தயம் நடத்துகிறவர். பிச்சைமுத்து காகிதத்தைப் பிரித்துச் சாமையைக் காட்டினான். "நேத்து வரைக்கும் தீனி போட்டான்ங்க. நான் புடுங்கினதும் புறாவையே அமுக்கிட்டான்ங்க."

சின்னராசு ஒரே வார்த்தைதான் சொன்னான். "வந்து பாருங்க."

ஆறு பேர் போனார்கள். கூண்டு, பரண், வேனுக்குள், விறகு அடுக்கு. சின்னராசுவின் பெண்டாட்டி செவ்வந்தி அரிசிப் பானையைத் தூக்கிவந்து பிச்சைமுத்துவின் காலடியில் வைத்தாள். "இதையும் பாத்துரு. அண்ணன் அண்ணன்னு சோறு போட்டேன் இல்ல, இந்தப் பானையிலதான் போட்டேன்."

செம்புள்ளி இல்லை.

"வேற எங்கனா வச்சிருப்பான்" என்றான் பிச்சைமுத்து.

நாராயணசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "முறை தெரியுமில்ல? தப்பாப் புடுங்கினவன், எறகு மொளைக்கற வரைக்கும் அந்த வூட்டுக்கே போய்த் தன் கையால தீனி போடணும். ஊரு பாக்கப் போவணும்."

"தப்பா இருந்தா போறேங்க" என்றான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னான்.

அன்று அவன் வெட்டுக்குப் போகவில்லை. வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு கூரையையே பார்த்தபடி கிடந்தான். பத்து மணி டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. பின்னாடியே செம்புள்ளி வந்து கூண்டு மேல் இறங்கியது.

எழுந்தவனுக்குக் கால் தடுக்கியது. பிடித்துப் பார்த்தான். இறகு ஒன்றுகூடக் குறையவில்லை. காலில் நூல் கட்டின தடம் இல்லை. தின்றது, தண்ணி குடித்தது, குளித்தது, சாயங்காலம் ஸ்கூல் விடுகிறதுக்குக் கொஞ்சம் முன்னால் எழும்பிப் போய்விட்டது.

'பயந்து வுட்டுட்டான்' என்று முதலில் நினைத்தான். 'வுட்டிருந்தா, எங்கூரைக்கு வந்த புறா ஏன் இங்கியே தங்கல? இன்னும் பழக்கறான். அதுக்குத்தான் பகல்ல அனுப்பறான்.'

மறுநாளும் டவுன் பஸ்ஸோடு வந்தது. ஸ்கூல் விடுவதற்கு முன்னால் போனது. மூன்றாம் நாளும் அதே நேரம். தைலம்மாள் அரிவாளைத் தோளில் மாட்டிக்கொண்டு, "உத்தியோகத்துக்குப் போவுது போல. உனக்குத்தான் வேலை வெட்டி இல்ல, உம் புறாவுக்காவது இருக்குதே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிச்சைமுத்து செம்புள்ளியைக் கையில் எடுத்தான். அடிவயிற்றில் மயிர் ஒதுங்கி, தோல் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. எடுத்த கை அப்படியே நின்றது.

புறா வளர்க்கிற எவனுக்கும் இது தெரியும். முட்டையில் ஆணும் உட்காரும், பொட்டையும் உட்காரும். பத்து மணிக்கு ஆண் வந்து உட்கார்ந்தால் பொட்டை இரைக்குப் போகும். நாலு மணிக்குப் பொட்டை திரும்பி வந்து ஆணை எழுப்பிவிடும். மறுநாள் பத்து மணி வரை அதன் முறை. பத்து, நாலு. பத்து, நாலு. மூன்று நாளாக மணி அடித்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. எவனோ பிடித்து வைத்திருக்கிற புறா இப்படி மணி தவறாமல் வந்து போகாது.

அன்று அது எழும்பியதும் பின்னாலேயே ஓடினான். மக்காச்சோளத் தட்டைக்கு மேலே வெள்ளையாகப் போனது, ரோட்டைத் தாண்டியது, மலைக்குப் போகிற வண்டிப்பாதை ஓரத்தில் தாழ்ந்தது. அங்கே யாரும் இறைக்காமல் தூர்ந்து கிடக்கிற ஒரு கிணறு. பிச்சைமுத்து குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தான். உள்ளே ஈர மண் வாசனை. கல் பெயர்ந்த பொந்தில் நாலு சுள்ளியைப் போட்டது போல ஒரு கூடு. அதிலிருந்து ஒரு மாடப்புறா எழுந்தது. சாம்பல் உடம்பு, இறக்கையில் ரெண்டு கறுப்புக் கோடு, எந்தக் கோபுரத்திலும் எந்தக் கிணற்றிலும் நூறு நூறாகப் பார்க்கிற சாதாரண மாடப்புறா. அது நகர்ந்து இடம் கொடுத்தது. செம்புள்ளி ரெண்டு முட்டையையும் மார்புக்குக் கீழே ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

சாதிப் புறா காட்டுப் புறாவை ஏறெடுத்துப் பார்க்காது என்று அவன் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறான். ஜோடி இல்லாமல் தனியாக வைத்தவனும் அவன்தான்.

கிணற்றோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயம்மாள் கோலை ஊன்றிக்கொண்டு வந்தாள். "இன்னாப்பா, வுழுந்து கிழுந்து வெக்காத."

"இந்த வெள்ளப் புறாவ நீ பாத்திருக்கியா?"

"பத்துப் பதினஞ்சி நாளாப் பாக்கறேன். இந்தக் கெணத்துப் புறாங்களோடதான் வெடிஞ்சதும் மலையேறும். மேல சாமை அடிச்ச களமெல்லாம் செதறிக் கெடக்குதில்ல, பொறுக்கித் தின்னுட்டு வரும். இப்ப ஒரு நாலு நாளாத்தான் இங்கியே அடைஞ்சி கெடக்குது. உன்துதா அது?"

நத்தை ஓடு ஞாபகம் வந்தது. மூட்டைச் சாமையில் நத்தை ஏது? களத்து மண்ணில் பொறுக்கினால்தான் வரும்.

"அத்தினி நாளாப் பாத்தவ ஏன் சொல்லல?" என்று அவள்மேல் பாய்ந்தான்.

"நீ எங்க கேட்ட?" என்றாள் ஆயம்மாள். ஆடு கரும்புக்குள் போக, அவள் அதன் பின்னால் போய்விட்டாள்.

இருட்டுவதற்குள் சின்னராசுவின் வீட்டு வாசலில் போய் நின்றான். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தான். "கெணத்துல முட்ட வச்சிருக்குது மச்சான். மாடப்புறா கூட" என்று மட்டும் வந்தது.

சின்னராசு வேன் சக்கரத்துக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "அப்படியா? நல்லா பாத்தியா? வேற யார்னா கொண்டாந்து வச்சிருக்கப் போறாங்க."

"நாளைலேர்ந்து தீனிக்கி வரேன்."

"ஊருக்காவ வரியா?"

"இல்ல."

"வா" என்றான் சின்னராசு. "கதவுக்கு வெளிய நின்னு கூப்புடு."

அப்படித்தான் போனான். விடிந்ததும் கம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு, தெருவில் பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு நின்று பார்க்க, பக்கத்துத் தெருவுக்குப் போவான். வெளியே நின்று கூப்பிடுவான். சின்னராசு வந்து டப்பாவைத் திறந்து மோந்து பார்ப்பான். கையை உள்ளே விட்டு அடிவரை கிளறுவான். முதல் நாள், "ஒரு பிடி நீ வாயில போடு" என்றான். பிச்சைமுத்து பச்சைக் கம்பை மென்று விழுங்கினான். விழுங்கினானா என்று சின்னராசு அவன் தொண்டையைப் பார்த்தான். தீனி போட்டு முடிகிற வரை இவன் முதுகுக்குப் பின்னால் கை கட்டி நிற்பான். சந்தேகப்பட்டே பழகின பிச்சைமுத்துவுக்கு, மேலே ஊர்கிற இன்னொருத்தன் கண் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. கழுத்துக்குப் பின்னால் எறும்பு ஏறுகிற மாதிரி இருந்தது. தட்டிவிட முடியவில்லை.

கரிவாலும் அவனை நம்பவில்லை. அவன் கை உள்ளே வந்தால் கடைசி மூலைக்குப் போய்விடும்.

பொங்கல் வந்தது, பந்தயம் நடந்தது. ரெண்டு வீட்டிலிருந்தும் புறா ஏறவில்லை. பக்கத்து ஊர்க்காரன் எவனோ ஜெயித்தான். செம்புள்ளி ரெண்டு குஞ்சு பொரித்திருந்தது. இரைக்கு எப்போதாவது வந்தது, போனது. பிடித்து அடைத்துவிடு என்று நாலு பேர் சொன்னார்கள். பிச்சைமுத்து கேட்டுக்கொண்டதோடு சரி.

தை பிறந்து நாலைந்து நாள் கழித்து ஒரு காலை. வெளியே நின்று கூப்பிட்டான். பதில் இல்லை. வேன் நின்றிருந்தது. கூண்டுக் கதவின் பூட்டு திறந்து, கொக்கியில் தொங்கியது. செவ்வந்தி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அவன் எங்க?"

"வேனுக்கு அடியில படுத்துக்கினு ரிப்பேர் பாக்கறாரு. நீயே போட்டுட்டுப் போவியாம்."

பிச்சைமுத்து நகரவில்லை. எதிர்த்த சன்னலைப் பார்த்தான். ஓலை இடுக்கைப் பார்த்தான். யாரையோ நிறுத்திவைத்துப் பார்க்கிறார்களா? நாளைக்குப் புறாவுக்கு ஒன்று ஆனால் யார் தலையில் விழும்? "யாரும் நிக்காம நான் உள்ள போவ மாட்டேன்" என்றான்.

"அப்ப நில்லு" என்று செவ்வந்தி அடுத்த புடவையைப் பிழிந்தாள்.

டப்பாவோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். வெயில் ஏறியது. கடைசியில் சின்னராசு வேனுக்கு அடியிலிருந்து கையெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தான்.

"இன்னும் போடலியா?"

"நீ வந்து நில்லு. போடறேன்."

சின்னராசு கையைத் துணியில் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். "அது காலைலேர்ந்து பட்டினியா கெடக்குதுடா" என்றான். சொல்லிவிட்டு அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, சக்கரத்து நட்டுகளை முறுக்க ஆரம்பித்தான்.

நம்பித்தான் முதுகைக் காட்டுகிறானா, இல்லை, முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் காட்டுகிறானா? பிச்சைமுத்துவுக்கு விளங்கவில்லை. ரெண்டு முறை திரும்பிப் பார்த்தான். முதுகு அப்படியே இருந்தது; சட்டையில் வியர்வை பரவிக்கொண்டிருந்தது. கேட்டுவிடலாம் என்று வாய் வரை வந்ததை, வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்காமல் விட்டான்.

குனிந்து கூண்டுக்குள் போனான். கரிவால் மூலையில் ஒண்டியது. இறக்கையில் புது இறகுகள் குழலோடு முக்கால்வாசி வளர்ந்து, நுனி விரிந்திருந்தன. ஒரு பிடி கம்பை உள்ளங்கையில் வைத்து நீட்டிக்கொண்டு, கை மரத்துப்போகிற வரை அங்கேயே குந்தியிருந்தான்.